பிணத்துக்குப் பத்து வரி

பிப்ரவரி 3, திங்கள்

குற்றாலிங்கம் சார் இன்று நாடக வகுப்பில் அசைன்மெண்ட் கொடுத்தார். அசைன்மெண்ட் இரண்டு வரிதான், விதிமுறை பதினொன்று. அதை லேமினேட் வேறு செய்து குழுவுக்கு ஒன்றாகக் கையில் திணித்தார். மனுஷனுக்கு வீட்டில் வேலையே கிடையாதா என்று தெரியவில்லை.

நான்கு பேர் கொண்ட குழு. பதினைந்து நிமிட நாடகம். மூன்றாம் விதி: ஒவ்வொருவரும் குறைந்தது பத்து வரி வசனம் சொந்தக் குரலில் பேச வேண்டும். ஏழாம் விதி: பதினைந்து நிமிடம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார், குழுவில் எல்லோருக்கும் பத்து மதிப்பெண் போய்விடும். மொத்தமே ஐம்பதுதான். மேடையேற்றம் 21ஆம் தேதி.

எங்கள் குழுவில் செண்பகவல்லி, இசக்கிமுத்து, தாவீது, நான். தலைவி செண்பகம். யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவளே காகிதத்தில் தன் பெயரை முதலில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். தாவீது கதை எழுதுவான். மத்தியானத்துக்குள்ளேயே ஒன்று சொன்னான். ஆவுடையம்மாள் என்று ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். மகன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் சுற்றி உட்கார்ந்து, அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

என்னைப் பிணமாக்கிவிட்டார்கள். பொருத்தமாக இருக்குமாம்.

சாயந்தரம் பேருந்தில் சன்னல் சீட் கிடைத்தது. காலையில் வழக்கம்போல் சமாதானபுரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பாளை மார்க்கெட்டில் இறங்கினேன். நடத்துநர் முறைத்தார். ஓசி டிக்கெட்தானே, எந்த ஊர் போட்டால் அவருக்கென்ன?

பிப்ரவரி 4, செவ்வாய்

அம்மா தைத்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி அறுபத்திரண்டு வைத்தேன். விரல் நுனியெல்லாம் ஓட்டை.

பிப்ரவரி 6, வியாழன்

தாவீதுக்கு இன்றுதான் மூன்றாம் விதி ஞாபகம் வந்திருக்கிறது. பிணம் எப்படிப் பத்து வரி பேசும்? கேன்டீனில் அரைமணி நேரம் இதே பேச்சு. கடைசியில் அவனே வழி சொன்னான். பிணம் பேசட்டும், ஆனால் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது கேட்காது. பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். மகன் அம்மாவுக்கு முறுக்கு என்றால் உயிர் என்பான், பிணம் எனக்கு முறுக்கே பிடிக்காது என்று சொல்லும், அவன் பாட்டுக்கு அடுத்த முறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு. நல்ல யோசனைதான்.

அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். உடனே பார்க்காதவர்கள் மாதிரி டீ கிளாஸைப் பார்த்தார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்குத் திக்கும். ஐந்து வயதிலிருந்து. ‘ப’வும் ‘க’வும் ரொம்ப மோசம், பாளை மார்க்கெட் என்று சொல்ல வராமல்தான் சமாதானபுரம் டிக்கெட். வைத்த பெயர் பகவதி. தாளில் திக்காது என்பதால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். ஆனால் எழுத்தை இரட்டிப்பாக்கி, நடுவில் புள்ளி வைத்து என் பேச்சை இங்கே எழுதிக் காட்ட மாட்டேன். சினிமாவில் சிரிப்புக்கு அப்படிச் செய்தது போதும். எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் எழுதுவேன்.

செண்பகம் ஐந்தே நிமிடத்தில் திட்டம் போட்டாள். அவளுக்குத் தங்கை வேஷம். இழவு வீட்டில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள் அல்லவா? என் தலைமாட்டில் அப்படி உட்கார்ந்துகொண்டு, துணிக்குள்ளிருந்து குரலை மாற்றி என் பத்து வரியையும் அவளே பேசிவிடுவாள். எனக்கு நாடிக்கட்டு கட்டியிருக்கும், பிணத்தின் தாடை தொங்காமல் இருக்க உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டுகிற அந்த வெள்ளைத் துணி. அதனால் வாய் அசையவில்லையே என்று ஒருத்தரும் கேட்க முடியாது.

“ஒனக்கு ஒரு கஷ்டமும் இல்லட்டி. நீ சும்மா படுத்துக் கெட. மார்க்கு தானா வரும்,” என்றாள்.

நான் தலையாட்டினேன். தலையாட்ட நேரம் ஆகாது.

பிப்ரவரி 8, சனி

அம்மா ஜாக்கெட் தைப்பாள், நான் கொக்கி வைப்பேன், வீட்டில் ஏற்பாடு அது. மத்தியானம் அம்மா மெஷினில் இருக்கும்போது வாசலில் யாரோ தட்டினார்கள். என் மடி நிறையத் துணி. கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்து, “காப்பியா? இரு, போட்டுத் தாரேன்,” என்று எழுந்து போய்விட்டாள்.

நான் துணியையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது கூரியர்காரர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் தைக்கக் கொடுத்த ஒரு அக்காவின் கல்யாணப் பட்டுக்கு வர வேண்டிய பார்டர் அது. இனி திங்கட்கிழமைதான் வரும். அம்மா டம்ளரை நீட்டினாள். குடித்தேன். வேறென்ன செய்ய?

இப்படி நான் வேண்டாமல் குடித்த காப்பியையெல்லாம் சேர்த்தால் ஒரு அண்டா இருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் ஒத்திகை. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். இசக்கி கடைசி வரிசையில் போய் நின்று பார்த்துவிட்டு, குரல் பிணத்திடமிருந்து வருகிற மாதிரியே இருக்கிறது, சத்தியமாகத் தெரியவில்லை என்றான். அவனுக்குத்தான் எல்லோரையும்விட நிம்மதி. முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பத்து வாங்கியிருக்கிறான், இதில் முப்பது வந்தால்தான் தேறுவான்.

நான் அருமையாகச் செத்திருந்ததாக ஆளாளுக்குப் பாராட்டினார்கள். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தும் அசையவில்லையாம். பதினைந்து வருஷமாகப் பேசாமல் இருந்து பழகியவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

ஒன்று மட்டும் எழுத வேண்டும். தாவீது எழுதிய பத்து வரியில் எட்டு வரி ‘பிடிக்காது’ என்று முடிகிறது. எனக்கு முறுக்கு பிடிக்காது. எனக்குப் பச்சை பிடிக்காது. எனக்கு இந்தப் பெயரே பிடிக்காது. இதைச் செண்பகம் கத்திச் சண்டை போடுகிற மாதிரி சொல்கிறாள். தப்பு. முப்பது வருஷம் மனசுக்குள் வைத்திருந்தவள் அப்படிக் கத்த மாட்டாள். அலுத்துப்போய்ச் சொல்வாள். கடைசி வரியை, ‘நான் சொல்ல வந்தது அது இல்ல’ என்பதை, இன்னும் மெதுவாகச் சொல்வாள்.

எனக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிப்ரவரி 11, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. கொக்கி நாற்பத்தெட்டு. பார்டர் வந்தது, வேறு நிறம்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஒத்திகையில் முதல் வரியை மட்டும் நானே சொல்லிப் பார்க்கிறேன் என்று சைகை காட்டினேன். எல்லோரும் ஆஹா என்றார்கள். அந்த ஆஹாவே எனக்கு ஆகாது. குழந்தை நடக்கப் போகிறதென்று எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி.

‘எனக்கு’ வந்தது. ‘முறுக்கு’ வந்தது. அடுத்ததில் நின்றேன். ஐந்து விநாடி இருக்கும். தலைமாட்டிலிருந்து செண்பகம், “பிடிக்காது,” என்று முடித்துவைத்தாள்.

அவள் தங்கை. பிணம் பேசுவது அவளுக்குக் கேட்கவே கூடாது. நாடகமே அதுதான். அதைக்கூட மறந்து முடித்துவைக்கிறாள் என்றால் எவ்வளவு பழகிப்போன கை. இசக்கி விழுந்து விழுந்து சிரித்தான். செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டு, தெரியாமல் வந்துவிட்டது, தப்பாக நினைக்காதே என்றாள். அவள் நல்லவள். தேர்வுக் கட்டணம் கட்டும் வரிசையில் எனக்காக நின்று பேசுபவள். அதனால் கோபப்படவும் முடிவதில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

பிப்ரவரி 15, சனி

நாடிக்கட்டுக்கு இரண்டு விரல் அகலத்தில் வெள்ளைத் துணி வேண்டும். அம்மாவின் வெட்டுத்துணி மூட்டையில் இல்லாத துணியா? நானே ஒன்றைக் கிழித்து எடுத்துக் கண்ணாடி முன் நின்று கட்டிப் பார்த்தேன்.

நான் பிணமாக நடிப்பது அம்மாவுக்குத் தெரியும். செண்பகம் போனில் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகவா என்று முணுமுணுத்தாள், வந்ததும் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்றாள், அத்தோடு விட்டுவிட்டாள். அந்தத் தைரியத்தில்தான் கட்டினேன்.

கண்ணாடியில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் திரும்புவதற்குள் துணியை உருவி எடுத்துவிட்டாள்.

“எங்க வேணும்னாலும் படு. மாலய போடு, என்னத்தயும் போடு. வாய மட்டும் கெட்டாத. ஒனக்கு அது வேண்டாம்ட்டி.”

மூடநம்பிக்கைக்கும் ஒரு அளவு வேண்டாமா? நாடகத்துக்குத்தானே என்று எழுதிக் காட்டினேன். படிக்கவில்லை. மெஷினில் போய் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். நூல் அறுந்திருந்ததை நான் பார்த்தேன். அவள் கோக்கவே இல்லை, துணி பாட்டுக்கு ஊசிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை செண்பகத்தையே அவள் அண்ணன் வேட்டியிலிருந்து கிழித்து வரச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

தாவீதை சைக்கிள் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி, போனில் நேரம் பார்க்கச் சொன்னேன். பத்து வரியையும் சொன்னேன். ஐந்து நிமிடம் பத்து விநாடி. செண்பகத்துக்கு அதே வரிகள் ஒரு நிமிடம் இருபது. அவள் பேசினால் நாடகம் பதினாலு நிமிடத்தில் முடிகிறது. நான் பேசினால் பதினெட்டைத் தொடும். ஏழாம் விதி. இசக்கியின் முப்பது.

தாவீது நோட்டைப் பிரித்தான். பிறகு, வேண்டுமானால் ‘பிடிக்காது’ வருகிற இடமெல்லாம் ‘வேண்டாம்’ என்று மாற்றித் தரட்டுமா, அது சுலபமாக வருமா என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவன் நோட்டை வாங்கி, ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஆவுடையம்மாளுக்குப் பிடிக்காது. வேண்டாம் என்பது வேறு.

“அப்ப நீ பேசப் போறியா?” என்று கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். மற்றவர்கள் மதிப்பெண்ணில் விளையாட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சும்மா நேரம் பார்த்தேன், அவ்வளவுதான். அவன் இதைச் செண்பகத்திடம் சொல்ல மாட்டான். அவனைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சைக்கிள் ஸ்டாண்டு. நான்கு நிமிடம் ஐம்பது.

பிப்ரவரி 19, புதன்

ஐந்து நிமிடம் முப்பது. கூடிவிட்டது. சீ.

பிப்ரவரி 20, வியாழன்

நாளைக்குச் சும்மா படுத்துக் கிடக்கப் போகிறேன். தூங்காமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 21, வெள்ளி

தலைக்கு ஊற்றியாகிவிட்டது. முடி ஈரமாக இருக்கிறது, தாளில் சொட்டுகிறது. இருந்தாலும் எழுத வேண்டும்.

எங்கள் முறை மூன்று மணிக்கு வந்தது. சன்னலையெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். குற்றாலிங்கம் சார் முன்வரிசையில் மடியில் தாளும் கையில் ஸ்டாப்வாட்சுமாக உட்கார்ந்திருந்தார். செண்பகம் நாடிக்கட்டைக் கட்டிவிட்டாள். வேட்டித் துணி, சொட்டு நீலத்தின் வாசனை அடித்தது. இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவளே இல்லை என்று சொல்லிக்கொண்டாள்.

முதல் இரண்டு வரி திட்டப்படி போனது. முறுக்கு பிடிக்காது என்றது பிணம். கூட்டத்தில் சிரிப்பு. கல்யாணத்தில் எடுத்த அந்தப் போட்டோவே பிடிக்காது என்றது. இன்னும் சிரிப்பு. நான் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பார்க்கக் கூடாது, ஆனால் கண்ணைப் பாதி திறந்திருந்தேன்.

மூன்றாவதாக இசக்கி, “அம்மாவுக்குப் பச்சன்னா உசுரு. பச்சப் பொடவையே போத்திருவோம்,” என்றான். எனக்கு மேலே முந்தானைக்குள் செண்பகம் மூச்சை இழுத்தது கேட்டது. என் வரிக்கு அவள் மூச்சை இழுக்கிறாள். அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கையைத் தூக்கி நாடிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. அந்தச் சனியன் கழுத்துக்கு இறங்கி அங்கேயே தொங்கியது. பரவாயில்லை, வாய் திறந்தது.

எனக்குப் பச்சை பிடிக்காது. நாற்பது விநாடி.

யாரும் முடித்துவைக்கவில்லை. முடித்துவைக்க முடியாது. என் குரல் அவர்களுக்குக் கேட்காது. இசக்கி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். ஆனால் தாவீது ஒன்றுமே நடக்காதவன் மாதிரி தன் அடுத்த வசனத்தைச் சொன்னான், இசக்கியும் பிடித்துக்கொண்டான். செண்பகத்தின் நகம் என் தோளில் அழுந்தியது. அழுத்தட்டும். நான் பிணம்.

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான்காவது வரியில் ஒருத்தன் மட்டும் சிரித்தான். ஆறாவது வரியிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. நான் ‘பி’யில் நிற்கும்போது அந்த ஹால் முழுக்க என்னோடு நின்றது. இதற்கு முன் எனக்காக இத்தனை பேர் காத்திருந்ததில்லை. அவசரமில்லை என்று எனக்கே தோன்றியது. செத்தவளுக்கு என்ன அவசரம்?

ஒன்பது வரி முடிந்தது. பத்தாவதில் ‘நான்’ மட்டும் சொல்லியிருந்தேன், விளக்கு அணைந்துவிட்டது.

பதினைந்து நிமிடம். ஏழாம் விதி. எல்லோருக்கும் பத்து போனது எனக்குத் தெரிந்தது. இருட்டில் செண்பகம் எழுந்து போகிற சத்தமும் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. சொல்ல வந்தது அது இல்ல என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் முடிக்கும்வரை விளக்கு போடப்படவில்லை.

பிப்ரவரி 22, சனி

செண்பகம் போனை எடுக்கவில்லை. இசக்கியும் எடுக்கவில்லை. இசக்கி தேறாவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அம்மா நேற்றிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இன்று பாபின் மாற்றும்போது தலை நிமிராமல், “வாயக் கெட்டினாளுவளா?” என்று கேட்டாள். கட்டினார்கள், நான் அவிழ்த்துவிட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். முதல் எழுத்தில் நின்றேன்.

“கெட்டலயா? நல்லது,” என்றாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

இந்த ஒன்றை மட்டும் அவள் முடித்துவைத்தபடியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மதிப்பெண் ஒட்டிவிட்டார்கள். குழுவுக்கு நாற்பத்தொன்று, நேரம் மீறியதற்குப் பத்து குறைத்து முப்பத்தொன்று. இசக்கி ஒரு மதிப்பெண்ணில் தப்பித்துவிட்டான். என்னைப் பார்த்து, இன்னும் இரண்டு தடவை திக்கியிருந்தால் என் கதை முடிந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். சிரித்தானா என்று கவனிக்க முடியவில்லை.

எனக்கு மட்டும் இருபத்தெட்டு. பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்தது: ‘பகவதி, ஏழு வரி. மூன்றாம் விதி.’ முதல் இரண்டு வரி என்னுடையதில்லை என்று மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. பத்தாவது வரி இருட்டில் பேசியதால் கணக்கில் இல்லை. ஆனால் நான் அதை முடிக்கும்வரை விளக்கைப் போடாமல் அவரேதான் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம், எங்கள் வகுப்புப் பிரேமலதா பார்த்திருக்கிறாள். காத்திருக்கவும் செய்வார், வெட்டவும் செய்வார். என்ன ஜென்மமோ.

நூலகப் படிக்கட்டில் செண்பகம் என்னை நிறுத்தினாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. யாருமே உயர்த்தியதில்லை, பாவம் என்று விட்டுவிடுவார்கள். இன்று படிக்கட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினாள்.

“நீதானட்டி பொணமா படுக்கேன்னு மொதல்ல கையத் தூக்குன? ஒனக்காகத்தான நான் அம்புட்டும் பண்ணுனேன்? பேசணும்னா பேசணும்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?”

உண்மைதான். கையைத் தூக்கியது நான். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டிருந்தால் நீ எனக்காகப் பேசுவதை நிறுத்தியிருப்பாயா என்பதுதான் கேள்வி. ‘க’வில் தொடங்குகிறது. நின்றேன். செண்பகத்தின் உதடு அசைந்தது, வழக்கம்போல் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கத் தயாராக. அவள் வாயை மூடிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து, முறைத்தபடி நின்றாள். நான் முடிக்கும்வரை நின்றாள். இரண்டு படி கீழே ஒரு பையன் வழி கேட்டபோது, “இருல, பேசிக்கிட்டிருக்கா,” என்று அவனிடம் எரிந்து விழுந்தாள்.

நான் முடித்த பிறகு இன்னும் அதிகமாகத் திட்டினாள். நானும் திட்டினேன். மணி அடித்துவிட்டது, வகுப்பு போய்விட்டது. சண்டை இன்னும் முடியவில்லை, நாளைக்கும் இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் கூட்டமான பேருந்து. நடத்துநர் என் முகத்தைப் பார்த்ததுமே, “சமாதானபுரம்,” என்று அவராகவே சொல்லி டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

நான் சொல்ல வந்தது அது இல்ல என்றேன். இருபது விநாடி. பாளை மார்க்கெட் என்றேன். அதற்கு இன்னும் கூட. பின்னால் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள், ஒரு அம்மா என் முதுகில் கூடையால் இடித்தாள். நடத்துநர் கிழித்த டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, காலையிலேயே உயிரை எடுக்கிறாயே என்று வேறொன்றைக் கிழித்தார்.

மார்க்கெட்டில் இறங்கினேன். செண்பகம் நிறுத்தத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம்.